போனில் வந்த ஒருசந்தி

என் அப்பா சவுரியப்பன் எட்டாம் வகுப்பு வரை படித்தவர். இண்டூர்ப் பக்கம் ஒன்றரை ஏக்கரில் தக்காளியும் ராகியும் போடுகிறார். எங்கள் கோயிலில் முப்பது வருடம் ஞாயிறு பூசையில் பைபிள் வாசகம் படித்தது அம்மா ராயம்மாள். அப்போதெல்லாம் அப்பா கடைசி வரிசையில் கண்ணை மூடியிருப்பார். கேட்டால் தியானம் என்பார். அம்மாவை அடக்கம் செய்த அன்று, குழியருகில் நின்று ஊரே கேட்க, "உன் வருசப் பூசைக்கு நானே வாசகம் படிக்கிறேன் ராயி" என்றார்.

படிக்கக் கண் வேண்டும். அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருந்தது. பாலக்கோட்டில் நடந்த முகாமில் கண் டாக்டர், "சர்க்கரை நெறைய இருக்குதுங்க பெரியவரே. பதினாலு நாள் தொடர்ந்து ஃபாஸ்டிங் நூத்தம்பதுக்குள்ள காட்டுங்க, ஆபரேசன் பண்ணிடலாம்" என்றார். பூசைக்கு நான்கு வாரம் இருந்தது. நான் அவருடைய போனில் ஒரு சர்க்கரைச் செயலியை ஏற்றித் தமிழுக்கு மாற்றினேன். விரலில் குத்திப் பார்க்கும் மெஷினையும் வாங்கிக் கொடுத்துவிட்டு ஓசூருக்கு வேலைக்குத் திரும்பினேன். அவர் பதிவு செய்வதெல்லாம் என் போனிலும் தெரியும்.

அந்தச் செயலி பேசும். தினமும் காலை ஆறு மணிக்கு ஒரு பெண் குரல், "வணக்கம் சவுரியப்பன். இன்றைய நோன்புச் சர்க்கரையைப் பதிவு செய்யுங்கள்" என்று சொல்லும். ஃபாஸ்டிங் என்பதை யாரோ நோன்பு என்று மொழிபெயர்த்து வைத்திருந்தார்கள். அப்பாவுக்கு நோன்பு என்றால் தவக்கால வெள்ளிக்கிழமை. ஒருசந்தி. காலையில் வெறும் தண்ணீர், மத்தியானம் கோயில் மணி அடித்த பிறகுதான் சாப்பாடு. போனும் கேட்கிறது, டாக்டரும் பதினாலு நாள் என்கிறார். திங்கட்கிழமை தொடங்கிவிட்டார்.

காலை மாத்திரையை மட்டும் அவர் விடவில்லை. அதையும் அந்தக் குரல்தான் நினைவூட்டியது. மணி அடித்ததும், களியில் கை வைப்பதற்கு முன் விரலைக் குத்துவார். தொண்ணூற்றெட்டு. எண்பத்திரண்டு. எழுபத்தொன்று. செயலி திரை முழுக்கப் பூத் தூவியது. நான் ஓசூரிலிருந்து கட்டைவிரல் படம் அனுப்பினேன்.

சனிக்கிழமை தக்காளிச் செடிகளுக்கு நடுவில் கை நடுங்கி, வேர்த்து உட்கார்ந்துவிட்டார். பக்கத்துக் காட்டு நஞ்சம்மாள் ஓடி வந்தார்.

"என்னாங்ணா, இப்படி வெளுத்துப் போயி?"

"ஒருசந்தி."

"உங்க ஒருசந்தியெல்லாம் முடிஞ்சு ரெண்டு மாசம் ஆச்சே?"

"அது கோயில் ஒருசந்தி. இது போன்ல வந்தது."

மறுநாள் ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமை ஒருசந்தி கூடாது. அப்பா காலையிலேயே கோழிக்குழம்போடு இட்லி சாப்பிட்டார். திங்கள் காலை அந்தக் குரல், "ஒரு நாள் விடுபட்டுவிட்டது. மீண்டும் முதல் நாளிலிருந்து தொடங்குவோம்" என்றது. ஆறு ஒருசந்தியும் போயிற்று. மறுபடியும் ஆறு நாள் இருந்தார். அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் பங்குச்சாமி இனிகோவிடம் போய் நின்றார்.

"சாமி, நாளைக்கு ஒரு நாள் ஒருசந்திக்கு உத்தரவு வேணுங்க."

"ஞாயித்துக்கெழமையா? எவன்யா சொன்னது?"

"போனுங்க."

சாமிக்கே பதினெட்டு வருடமாகச் சர்க்கரை. முழுக் கதையையும் கேட்டுவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "யோவ் சவுரி, ஃபாஸ்டிங்னா காலைல காப்பி குடிக்கறதுக்கு முந்தி. ராத்திரி தூங்கினியே, அதான் நோன்பு."

"தூங்கறது நோன்புங்களா? அப்ப நான் முப்பது வருசமா கோயில்ல இருந்ததும் நோன்புதானுங்களே?"

"அதை மேல கேட்டுக்க."

அப்பா மடியிலிருந்து போனை எடுத்தார். "அப்படின்னா இந்தப் பன்னண்டு ஒருசந்தியும் வீணுங்களா சாமி? போன் பேர்ல இருந்து எடுத்து, ராயம்மா பேருக்கு மாத்தி உட முடியுங்களா?"

மாற்றியாயிற்று என்று சாமி சொன்னாராம்.

டாக்டரிடம் நானும் கூடப் போனேன். அவர் எண்களைத் தள்ளிப் பார்த்துக்கொண்டே வந்து ஒரு இடத்தில் நின்றார். "அறுபத்தாறா? ஆபரேசன் பண்ண ஆளு உயிரோட இருக்கணுங்க பெரியவரே!" மாத்திரையைக் குறைத்து, ஒரு மாதம் கழித்து வரச் சொன்னார். பூசைக்கு இரண்டு வாரம்தான் இருந்தது.

பஸ்ஸில் வரும்போது, "வேற யாராவது படிக்கட்டும்பா" என்றேன்.

"வேற யாராவதுன்னா அவகிட்டச் சொன்னேன்?"

வாசகத்தைப் போனில் ஏற்றி, வரிக்கு மூன்று சொல் வரும்படி எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தேன். மூக்கருகே பிடித்தால் படிக்க முடிந்தது. ஆடு மாடுகளுக்கெல்லாம் படித்துப் பழகினார். பூசையன்று அந்தப் பெண் நடுவில் பேசிவிடக் கூடாதென்று போனின் சத்தத்தை அடைத்தேன். அவள் திரையில் அனுப்பும் எழுத்தை அடைக்கவும் ஒரு வழி இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அன்று அப்பா ஒரு மணி நேரம் முன்பே வந்து முதல் வரிசையில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். நேரம் வந்ததும் மேலே ஏறினார். ஒரு பிழை இல்லை. கடைசிப் பத்தியில் சற்றே நின்று, போனை இன்னும் கிட்டே கொண்டுபோய், அதே குரலில் தொடர்ந்தார்:

"நீங்கள் நீண்ட நேரமாக அசையாமல் இருக்கிறீர்கள். எழுந்து சற்று நடங்கள்." மூச்சு வாங்கிக்கொண்டார். "இது ஆண்டவரின் அருள்வாக்கு."

"இறைவா உமக்கு நன்றி" என்றது கோயில். ஒருவர்கூடத் தடுமாறவில்லை. சாமி மட்டும் பீடத்தை வெகுநேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

பூசை முடிந்து அம்மாவின் கல்லறைக்கு நடந்தோம். நஞ்சம்மாளும் வந்திருந்தார். "உங்க புஸ்தகத்துல எனக்குப் புரிஞ்சது அந்தக் கடைசி வரி ஒண்ணுதாங்ணா. அண்ணியப் பாத்தே சொன்ன மாதிரி இருந்துச்சு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் குரலைத் தாழ்த்தி, "இது எங்கிருந்து வந்துச்சுன்னு எனக்கும் ஒரு சந்தேகம்தான் பாப்பா. ஆனா புரியாத எடத்துல நிறுத்தினா ஜனங்க முழிப்பாங்கன்னு உங்கம்மா சொல்லுவா. அதான் படிச்சுட்டேன்" என்றார்.