பின்னோக்கி ஆடிய தகப்பன்

வியாழன், காலை ஆறரை. நேப்பிள்ஸிலிருந்து இரவு முழுதும் ஓடிய கப்பல் பலேர்மோ துறைமுகத்துக்குள் வந்து, திரும்பி, பின்பக்கமாகக் கரையில் ஒட்டியது. ஆண்டு 1996. மன்னாரில் என்னோடு படித்த அந்தோனி கரையில் காத்திருந்தான். சனிக்கிழமை அவன் மகள் ஜெனிற்றாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை சல்வோ சிசிலிக்காரன். இதே துறைமுகத்தில் வேலை.

அவன் குடியிருக்கும் சீசா பகுதிக்குப் போகும் பஸ்ஸிலேயே அந்தோனி தன் கவலையைச் சொல்லிவிட்டான். இங்கே கல்யாண விருந்தில் தகப்பன் மகளோடு வால்ட்ஸ் என்ற ஜோடி நடனம் ஆட வேண்டுமாம்.

"ரெண்டு மாசமாப் பழகிறன் மச்சான். வேலை செய்யிற வீட்டுக்கார அம்மா, சிஞ்ஞோராதான் சொல்லித் தாறா. பெடியன்ர ஆக்கள் நூறு பேர் சுத்தி நிப்பினம். பிழைச்சால் பிள்ளைக்கெல்லோ வெக்கம்."

"பள்ளிக்கூட அணிநடையிலேயே கால் மாத்தி வைச்சவன் நீ."

"அதாலைதானடா பயம்."

வெள்ளி, பிற்பகல் நான்கு. விருந்து நடக்கவிருந்த ஒரேத்தோ நடனக்கூடத்தில் ஒத்திகை. இருபத்திரண்டு எட்டு நீளம். ஒரு சுவர் முழுதும் கண்ணாடி. மற்றச் சுவர்களை ஒட்டி மர நாற்காலிகள். ஞாயிறுகளில் பத்தாயிரம் லீரா கொடுத்தால் யாரும் ஆடலாம். கால் வழுக்கிச் செல்லத் தரையில் பவுடர் தூவியிருந்தார்கள். மாணவனைப் பார்க்க எழுபத்தொன்பது வயது சிஞ்ஞோரா ஊன்றுகோலுடன் வந்திருந்தார்.

இசை தொடங்கியது. தகப்பனும் மகளும் ஒரே நேரத்தில் பின்னால் அடி வைத்தார்கள். கைகள் நீண்டு, பிடி விட்டுப் போயிற்று. மறுபடியும் அதுவே.

"பப்பா, ஏன் பின்னுக்குப் போறீங்கள்? நீங்களெல்லோ முன்னுக்கு வரவேணும்?"

"இப்பிடித்தான் பிள்ளை பழக்கினவ."

ஜெனிற்றா சிஞ்ஞோராவிடம் இத்தாலியனில் கேட்டாள். கிழவி கோலால் தன் இடுப்பைத் தட்டிக்காட்டி, இதில் இரும்பு வைத்திருக்கிறது, இதை ஓர் ஆண் தள்ள விடுவேனா என்றார். இரண்டு மாதமும் அவரே ஆணாக ஆடியிருக்கிறார். அந்தோனி கற்றது முழுக்கப் பெண்ணின் அடிகள்.

ஒரு மணி நேரம் மாற்றிப் பார்த்தார்கள். அந்தோனி மகளின் காலை ஏழு தரம் மிதித்தான், நான் எண்ணினேன். பிறகு சுவரோரக் கதிரையில் உட்கார்ந்துவிட்டான்.

"நான் ஆடேல்லை. கால் நோவெண்டு சொல்லிவிடு."

"ஓம், நாளைக்கு என்ர காலும் நோகத்தான் போகுது" என்று பாதத்தைத் தேய்த்தாள் மகள். "எழும்புங்கோ. நான் ஆம்பிளையின்ர அடியை வைக்கிறன். நீங்கள் பழகினதை ஆடுங்கோ."

"சனம் சிரிக்கும்."

"நிலம் முட்டிற சட்டைக்குள்ளை என்ர கால் ஆருக்குத் தெரியும்?"

சனி, பிற்பகல் மூன்று. வெள்ளை உடை தரையைக் கூட்டிக்கொண்டு முன்னேற, கறுப்புக் கோட்டுப் போட்ட தகப்பன் ஓரடியும் பிழைக்காமல் பின்னால் சுழன்றான். மகள் அவன் காதோடு ஏதோ சொல்லிக்கொண்டேயிருந்தாள். சல்வோவின் பெரியம்மா, பிரிவுத் துயரம் என்று எண்ணிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அருகில் வந்தபோது எனக்குக் கேட்டது:

"கதிரை வருது, இடப்பக்கம் திரும்புங்கோ... மூச்சு விடுங்கோ, பப்பா."

கைதட்டலில் சிஞ்ஞோராவின் கோல் சத்தம்தான் உரக்கக் கேட்டது.

ஞாயிறு, மாலை. எங்கள் ஊர்க் கோயிலில் மகளைக் கைப்பிடித்துக் கூட்டிப்போய் மாப்பிள்ளையிடம் விடுவதோடு தகப்பனின் நடை முடிந்துவிடும். இங்கே இன்னும் கொஞ்சத் தூரம் போக வேண்டியிருக்கிறது. துறைமுகத்துக்கு வழியனுப்ப வந்த அந்தோனியிடம், ஊரில் இதைச் சொல்லட்டுமா என்று கேட்டேன்.

"சொல்லன். நீ வந்த கப்பலும் பின்பக்கமாத்தானே வந்து கட்டினது? ஆரும் சிரிச்சவையே?"