ஃப்ளோரா அக்காவின் பிஸ்கட் டின்

தின்னர் வாசனை, அதன் மேல் சால்டரிங் புகை, அதற்கும் மேலே காசிமேட்டுக் காற்றில் வரும் கருவாட்டு வாசனை... மூன்றும் சேர்ந்து மூக்கில் ஏறினால் எனக்கு இன்றும் ஃப்ளோரா அக்காவின் கடைதான்.

ராயபுரத்தில் சர்ச்சுக்குப் பக்கத்துச் சந்தில் இருந்த மொபைல் சர்வீஸ் கடை அது. இரண்டு பேர் உட்கார்ந்தால் மூன்றாவது ஆள் தெருவில்தான் நிற்க வேண்டும்.

நான் அப்போது ஒரு சின்ன கம்பெனியில் மொபைல் ஆப் எழுதும் புது டெவலப்பர். டெஸ்ட் பண்ண ஆபீஸில் இருந்ததே இரண்டு போன். மற்றதெல்லாம் எமுலேட்டர்... அதாவது கம்ப்யூட்டருக்குள்ளே ஓடும் பொய்ப் போன். என் லேப்டாப்பில் அது திறப்பதற்குள் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம்.

அக்காவிடம் ஒரு பெரிய பிஸ்கட் டின் இருந்தது. ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்க வராதவர்களின் போன்கள். உள்ளே இருந்ததையெல்லாம் அழித்துவிட்டு அதில் போட்டு வைத்திருப்பார். தண்டையார்பேட்டை வீட்டுக்குப் போகும் வழியில் இறங்கி, அங்கே போய் லேப்டாப்பைத் திறந்துவிடுவேன்.

"வந்துட்டியாம்மே... குந்து. இன்னிக்கு எத்த சாவடிக்கப் போற?" என்று டின்னை என் பக்கம் தள்ளுவார்.

உங்களில் ஆப் எழுதுகிறவர்களுக்குத் தெரியும். போனின் செட்டிங்ஸுக்குள் போய் பில்ட் நம்பரை ஏழு தடவை தட்ட வேண்டும். தட்டினால் 'இப்போது நீங்கள் டெவலப்பர்' என்று போன் சொல்லும். அதற்கப்புறம்தான் கேபிள் போட்டு நம் ஆப்பை ஏற்ற முடியும். அந்தத் தட்டுகிற வேலையை அக்கா எனக்குக் கொடுக்கவே மாட்டார்.

"பாத்தியா... நானும் டெவலப்பராம். போனே சொல்லுது. நீ மட்டும் காலேஜுக்குலாம் போய்க்கினு இன்னாத்துக்கும்மே பேஜாரு பட்ட?"

ஆபீஸில் சமர்த்தாக ஓடிய ஆப், அந்த டின் போன்களில் ஏறியதும் திருதிருவென்று முழிக்கும். ஒன்றில் பேட்டரி உப்பியிருக்கும், ஒன்றில் ஸ்பீக்கர் கரகரக்கும். அக்கா எந்தப் போனை எடுத்தாலும் முதலில் கட்டைவிரலைக் கண்ணாடியின் அடி ஓரத்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை இழுத்துப் பார்ப்பார். அந்தப் போன்களில் பாதிக்கு டச் செத்திருந்தது அங்கேதான். அதனால் முக்கியமான பட்டன் எதையும் நான் அடியில் வைக்க மாட்டேன்.

கம்பெனி வளர்ந்தது. ஒரு ரூம் முழுக்கப் போன் வாங்கி வைக்கப் போகிறோம், சார்ஜ் போட்டு, கேபிள் பார்த்து, கவனித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றார் மேனேஜர். நான் அக்காவைச் சொன்னேன். அவரும் அக்காவிடம் பேசிவிட்டு, "வந்துடுங்க" என்று சொல்லிவிட்டார்.

ஐடி கார்டு உண்டா என்று அக்கா எத்தனை முறை கேட்டிருப்பார்! உண்டு என்றேன். கழுத்தில் மாட்டுவதா, இடுப்பில் செருகுவதா என்றார். கழுத்தில்தான் என்றேன். சர்ச்சில் எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது. கடைச் சாவியை ஓனரிடம் கொடுத்தும்விட்டார்.

அதற்குள் ரூம் வேண்டாம் என்றாகிவிட்டது. ரிமோட் சாஃப்ட்வேர் வந்துவிட்டது... எங்கோ ஒரு ஊரில் அலமாரி அலமாரியாக நிஜப் போன்கள். வாடகைக்கு எடுத்தால் அந்தப் போன் நம் ஸ்கிரீனில் தெரியும். இங்கே மவுஸால் தட்டினால் அங்கே திறக்கும். மேனேஜர் காட்டியபோது எல்லோரும் கைதட்டினார்கள்.

அக்கா வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். கடைச் சாமான்கள் மூட்டையாக வாசலில் இருந்தன. முழுக்கக் கேட்டார்.

"அந்தப் போனுக்குலாம் ஆரும்மே சார்ஜ் போடுவா?"

"அங்க யாராவது இருப்பாங்கக்கா."

"அவுங்களுக்கு ஐடி கார்டு குடுத்துருப்பாங்கல்ல?"

"வுடும்மே, நீ இன்னா பண்ணுவ" என்று அக்கா டீ போட எழுந்து போய்விட்டார். கடை அதற்குள் வேறு ஆளுக்குப் போயிருந்தது.

இப்போது நான் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். டெஸ்டிங் முழுக்க ரிமோட்தான். ஒரு கீறல் இல்லாத போன்கள். எந்த எண்ணெய் விரலும் பட்டதில்லை.

போன மாதம் அக்கா கூப்பிட்டார். திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் ஹவுஸ்கீப்பிங் வேலையாம். அட்டென்டன்ஸ் அவரவர் போனில்தான் போட வேண்டும். அந்த ஆப் எங்கள் கம்பெனி செய்தது.

"நல்லாதாம்மே கீது. அடில கீற பட்டன்தான் அமுங்க மாட்டேங்குது. பட்டன் எடம் மாறும்னு போனை சாய்ச்சும் பாத்துட்டேன், ஸ்கிரீன் திரும்பவே மாட்டேங்குது. நான் தெனமும் வேலைக்கு வந்துக்கினுதான் கீறேன்... சூப்பர்வைசரு ஆப்சென்டுன்றான். இப்டியே போனா வேற ஆள வெச்சுக்குவாங்களாம்."

அக்காவின் போன், டின்னில் கிடந்த இரண்டு செத்த போன்களைச் சேர்த்து அவரே உயிர் கொடுத்தது. அந்த மாடலுக்கு டிஸ்ப்ளே இப்போது பர்மா பஜாரில்கூடக் கிடைப்பதில்லை. ஆப்பின் டிசைன் வேறு டீம் போட்டது; பட்டனை அடி ஓரத்தில் வைத்துவிட்டார்கள்.

ஆபீஸில் புகார் போட்டேன். ரிமோட்டில் இருக்கிற போன்களில் எல்லாம் ஓட்டிப் பார்த்துவிட்டு, 'எந்தப் போனிலும் இந்தக் குறை வரவில்லை' என்று எழுதி மூடிவிட்டார்கள். சண்டை போட்டேன். யாரோ ஒருவருடைய உடைந்த போனுக்காக டிசைனை மாற்ற முடியுமா என்றார்கள்.

வீட்டில் சும்மா கிடந்த என் போனை எடுத்துக்கொண்டு ராயபுரத்தில் அக்கா வீட்டுக்குப் போனேன். அந்தத் தெருவுக்கே போன் சரி பண்ணிக் கொடுத்தவர்... அவருக்கு நான் போய்ப் போன் கொடுக்கிறேன். கண்டபடி திட்டுவார் என்றுதான் நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அக்கா அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தார். கழுத்தில் யார்டு ஐடி கார்டு. கழற்ற மறந்திருப்பார் போல.

போனை வாங்கிக்கொண்டார். கட்டைவிரலை அடி ஓரத்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.

"நல்லா கீதும்மே" என்றார். "நாளிக்கு பிரசென்ட் போட்ருவான்."