தம்பிக்கு ஏற்ற பிராசஸர்

எங்கள் கடையில் கையடக்க கேம் மிஷின் விற்கிறோம். அங்கே என்னோடு வேலை பார்க்கும் அக்காவுக்கு 'ஓடாதக்கா' என்று பட்டப்பெயர் வைத்ததே நான்தான். வாங்க வருகிறவன் பளபளப்பைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு நிற்பான். அவளோ, "இதுல இருக்கிறது போன் பிராசஸர் தம்பி. நீங்க கேக்கிற கேம் கம்ப்யூட்டருக்கு எழுதினது. திக்கித் திணறும், ஓடாது" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். முதலாளி பல்லைக் கடிப்பார். ஆனால் அவளிடம் வாங்கிப்போன யாரும் திரும்பி வந்து சண்டை போட்டதில்லை என்பதால் வாயை மூடிக்கொள்வார்.

வீட்டில் அவளும் தம்பியும் மட்டும்தான். தம்பிக்குத் தசை கொஞ்சம் கொஞ்சமாகச் செயலிழந்துகொண்டே வரும் நோய். கால் போய், முதுகு போய், இப்போது விரல்களில் வந்து நிற்கிறது. படுத்தபடியே ஒரு பழைய குட்டி மிஷினில் மலையேறும் கேம் ஒன்றை ஆடுவான். தன்னிஷ்டத்துக்கு நடமாட அவனுக்கு மிச்சமிருந்த இடம் அது ஒன்றுதான்.

அந்த கேமின் இரண்டாம் பாகம் வந்தது. பழைய மிஷினில் போட்டால் தலைப்போடு உறைந்துபோயிற்று. "விரல் அசையறப்பவே ஒரு தடவ உச்சிக்குப் போயிடணும்க்கா" என்றான். அவ்வளவுதான், அக்காவுக்கு வேறு நினைப்பே இல்லை. மதிய இடைவேளையில் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு, கடையிலிருந்த ஒவ்வொரு மிஷினிலும் அந்த கேமைப் போட்டுப் பார்த்தாள். கடைசியில் கம்ப்யூட்டர் பிராசஸர் வைத்த, இருப்பதிலேயே வேகமானதைக் காசு கட்டி எடுத்தாள். பனிப்புயல் காட்சியில்கூட அது துளியும் திக்கவில்லை.

எங்கள் கடையில் மிஷின்கள் திருடு போகாமலிருக்க மேசைத் தாங்கியோடு சேர்த்துப் பூட்டி வைத்திருப்போம். சோதித்துப் பார்ப்பதும் அப்படியேதான். அந்தப் பிராசஸர் குடிக்கும் மின்சாரத்துக்குப் பெரிய பேட்டரி, அது கக்கும் சூட்டுக்கு ஒரு விசிறி. எல்லாம் எங்களுக்குத் தெரியும். கையில் தூக்கி எடை பார்க்கத்தான் எங்கள் இரண்டு மரமண்டைகளுக்கும் தோன்றவில்லை.

விடுமுறை நாளில் நானும் அவள் வீட்டுக்குப் போனேன். கையில் வைத்ததுமே தம்பியின் மணிக்கட்டு மடங்கி, மிஷின் அவன் மார்பில் விழுந்தது. தலையணையை முட்டுக்கொடுத்தோம். விரல் பொத்தானை எட்டியது. ஆனால் புது மிஷினின் விறைப்பான பொத்தான் அமுங்கவில்லை. எனக்கு நாண்டுகொண்டு சாகலாம் போலிருந்தது.

"சூப்பரா ஓடுதுக்கா" என்றான், எங்களுக்காக. "நீ அழுத்து. நான் சொல்றேன்."

அவன் இடது, வலது என்று சொல்லச் சொல்ல அவள் அழுத்தினாள். பாறையில் ஒரு பிளவு வந்தது. அவன் "தாவு" என்று சொல்லி முடிப்பதற்குள் திரையிலிருந்த ஆள் பள்ளத்தில் விழுந்தான். மறுபடியும் விழுந்தான். "மிஷின் லேட் இல்லக்கா, என் வாய்தான் லேட்" என்று சிரித்தான். அடுத்த முறை அவள் காத்திருக்கவில்லை. பிளவு வந்ததும் தானே அழுத்திவிட்டாள். ஆள் அந்தப் பக்கம் போய் நின்றான்.

"தாண்டிட்டோம்டா" என்றாள்.

அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் இன்னும் சொல்லவே இல்லையேக்கா" என்றான்.