மகன் பார்க்கக் கூடாத நோயாளி

மெல்பேர்னில் தோல் டொக்டராக இருக்கும் என் மகன் சிட்னியில் இருக்கும் என்னோடு பேச இன்று காலை ஸ்கைப்பில் வந்தான். கொன்வென்ட் சிஸ்டர்மார் பழக்கியபடி நான் தலை வாரி, சேலை உடுத்து, கதிரையில் நேராக இருந்தேன். அவனும் டை கட்டியிருந்தான். எனக்காகத்தான் என்று நினைத்தேன்.

"அம்மா, இனி ஒரே ரெஜிஸ்ட்ரேஷனில எல்லா மாநிலத்து ஆக்களையும் வீடியோவில பாக்கலாம். முந்தி மாதிரி ஒவ்வொரு மாநிலத்திலயும் தனித்தனியாப் பதியத் தேவையில்லை."

"சிட்னி ஆக்களையுமோ?"

"ஓம்."

உடனே முழங்கையைக் கமராவுக்குக் காட்டினேன். சில நாட்களாக அங்கே ஒரு சின்னத் தடிப்பு.

அவன் சிரித்தான். "சொந்த அம்மாவுக்கு நான் வைத்தியம் பாக்கக் கூடாது. அது விதி. வெஸ்ட்மீட்டில உங்கட டொக்டரிட்டக் காட்டுங்கோ."

"விதியெண்டால் சரி" என்றேன். விதியை மீறும்படி நான் யாரையும் கேட்டதில்லை.

அவன் மணிக்கூட்டைப் பார்த்தான். "வைக்கட்டே அம்மா? குயின்ஸ்லாந்தில ஒரு வயசான மனுசி எனக்காகக் காத்துக்கொண்டு இருக்கிறா. தனிய இருக்கிறவ, பாவம்."

டை அந்த அம்மாவுக்காக.

அவன் போன பிறகு, அதே கதிரையில் இருந்தபடி இதை எழுதுகிறேன்.

குயின்ஸ்லாந்தில் இருக்கும் நண்பர்களே, அந்த அம்மாவை யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். என் மகன் மெலிந்துவிட்டானா என்று அவரிடம் கேட்க வேண்டும். எனக்குச் சரியாகப் பார்க்க நேரம் கிடைக்கவில்லை. அவர் அவனை ஆறுதலாக, நேரமெடுத்துப் பார்த்திருப்பார்.