இடப்பக்கம் வைத்த டொலர்

அந்த ஞாயிற்றுக்கிழமை மேசையில் பல்வைத்தியர் இருந்தார். ரொட்டிக் கடைக்காரர் இருந்தார். ஓய்வு பெற்ற ரயில் நிலைய அதிபர் இருந்தார். அமெரிக்க முகாமிலிருந்து வரும் சார்ஜன்ட் இருந்தார். என்னோடு ஒரே அறையில் குடியிருந்த அண்ணை இருந்தார். நான் இருந்தேன். நடுவில் கறுத்த வெல்வெட் துணி. அதன் மேல் ஒரு வெள்ளி டொலர். பெண்ணின் தலை அச்சிட்ட பழைய காசு. இந்தக் காசுகளில் சில மட்டும், தலையைச் சுற்றிய வெளி கண்ணாடியாகப் பிறந்தவை. குனிந்தால் நம் முகம் தெரியும். அந்தக் கண்ணாடிக்காகத்தான் நாங்கள் மாதம் ஒரு ஞாயிறு அந்த விடுதியின் பின்னறையில் கூடினோம்.

எழுபதுகளின் தொடக்கம் அது. தென் ஜேர்மனியில் ஒரு சிறு நகரம். நான் கரண்டியும் முள்ளும் செய்யும் ஆலையில் மெருகு போடுபவன். நாள் முழுக்கத் துணிச் சில்லு சுற்றும், மினுங்கும்வரை கரண்டியை அதில் பிடிக்க வேண்டும். அண்ணை பல்கலைக்கழகத்தில் படிக்க யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். என்னை விட ஒரு வயது இளையவர். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன், அவர் படித்தவர், ஆகவே அண்ணை என்றேன். அவர் என்னை ஐசே என்பார். அவர்தான் என்னை அந்த மேசைக்குக் கூட்டிப் போனார். எனக்கு ஜேர்மன் வராது. அவர்கள் சொல்வதை எனக்கும் நான் சொல்வதை அவர்களுக்கும் அவர்தான் சொன்னார்.

சார்ஜன்ட் லீவில் ஊருக்குப் போய் வரும்போது டொலர்களைக் காலுறையில் சுற்றிக் கொண்டுவருவார். நானும் வருடத்துக்கு ஒன்று வாங்கினேன். ஆனால் அவர்களுக்கு வேண்டியிருந்தது என் கண். மங்கிய டொலரைச் சில்லில் பிடித்துக் கண்ணாடிக் காசு என்று விற்பவர்கள் அப்போதும் இருந்தார்கள். அச்சில் பிறந்த பளபளப்பு எழுத்தின் ஓரத்தில் நின்றுவிடும். சில்லு போட்டதில் மயிர்க்கீறல் எழுத்தின் மேலும் ஏறிப் போகும். எனக்கு அது பார்த்தவுடன் தெரியும். முதலில் தலையை ஆட்டிப் பதில் சொன்னேன். ஓம் என்கிறேனா இல்லை என்கிறேனா என்று அவர்களுக்கு விளங்கவில்லை. ரொட்டிக் கடைக்காரர் என்னைப் போலத் தலையாட்டிக் காட்ட எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதன் பிறகு நல்ல காசை வலப்பக்கம் வைப்பேன், சில்லு போட்டதை இடப்பக்கம் வைப்பேன். மறு கேள்வி கிடையாது. ஆலையில் என்னை இலக்கம் சொல்லிக் கூப்பிட்டார்கள். அந்த மேசையில் என் கை எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த வருடம் மாசியில் அண்ணை ஒரு பையைக் கட்டிலில் கொட்டினார். தேய்ந்த டொலர்கள்.

“ஐசே, அப்பா வீடு கட்டத் தொடங்கிட்டார். நிலை வைக்கேக்க கீழ வைக்க வெள்ளி வேணுமாம். மங்கினதை வைக்கக் கூடாதெண்டு அம்மா எழுதியிருக்கிறா. ஒருக்காச் சில்லில பிடிச்சுத் தாரும்.”

“ஒன்பது வேணுமே அண்ணை?”

“வாசல் ஒன்பது, ஐசே. அப்பற்ற எடுப்பு அப்பிடி.”

இரண்டு பேரும் சிரித்தோம். வாசல் நிலையை நிறுத்தும்போது அடியில் வெள்ளி வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். வைத்ததை யாரும் தோண்டுவதில்லை. மண்ணுக்குள் போகிற காசுக்குச் சில்லு போட்டால் யாரையும் ஏமாற்றியதாகாது. வேறு எதற்கென்றாலும் தொட்டிருக்க மாட்டேன். மனை விஷயம் என்பதால் அன்று மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் சாப்பிடவில்லை. மத்தியான இடைவேளையில் ஒன்பதையும் பிடித்தேன். நன்றாகவே பிடித்தேன்.

அந்த ஞாயிறு வந்தது ஐப்பசியில். பக்கத்து நகரத்தில் ஒரு கடையில் வாங்கியதாகப் பல்வைத்தியர் அந்த டொலரை என்னிடம் நீட்டினார். விளக்கில் சரித்துப் பார்த்தேன். கீறல் எழுத்தின் மேல் ஏறியிருந்தது. வலமிருந்து இடமாகச் சரிந்து இறங்கியிருந்தது. எங்கள் ஆலையில் இடது கைக்காரன் நான் ஒருவன்தான். அதே ஆண்டு, அதே காதோரத்து வெட்டு. மாசியில் நான் பிடித்த காசு. அண்ணையைப் பார்த்தேன். அவர் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். வலப்பக்கம் வைத்திருந்தால் அதோடு முடிந்திருக்கும். அவர்கள் என் கையை நம்பித்தான் இருந்தார்கள். இடப்பக்கம் வைத்தேன்.

பல்வைத்தியரின் முகம் சிவந்தது. என்னவோ கேட்டார்.

“அண்ணை, இது நிலைக்கெண்டு தந்த காசெல்லே?” என்றேன்.

அண்ணை அவர்கள் பக்கம் திரும்பி நீளமாக ஜேர்மனில் பேசினார். மெருகு என்பதற்கு ஆலையில் தினம் கேட்கும் சொல் மட்டும் எனக்குப் பிடிபட்டது. அதைச் சொல்லும்போது அவருடைய விரல் என் பக்கம் இருந்தது. நான்கு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

“என்ன சொன்னனீங்கள்?”

“நீர் விளையாட்டாப் பிடிச்சுப் பார்த்த காசு கை மாறிப் போச்சுதெண்டு சொன்னனான். உமக்காக மன்னிப்பும் கேட்டிட்டன். பேசாமல் இரும்.”

“நான் ஏன் மன்னிப்புக் கேக்க வேணும்?”

“உம்மட கைதானே பட்டது?”

என் கைதான் பட்டது. மிச்சத்தை நான் சொன்னாலும் அதை அவர்தான் ஜேர்மனில் சொல்லியிருக்க வேண்டும்.

கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன். அவர்கள் என்னை மன்னித்தார்கள். பல்வைத்தியர் எழுந்து வந்து தோளில் தட்டினார். ரொட்டிக் கடைக்காரர் தன் கேக்கில் பாதியை என் தட்டில் வைத்தார். நான் அதைச் சாப்பிட்டேன்.

பஸ்ஸில் அண்ணை சொன்னார், “பொலிஸ் எண்டு போனால் என்னைத்தான் திருப்பி அனுப்புவாங்கள். ரெண்டு வருசப் படிப்புக் கிடக்கு. உமக்கு வேலை இருக்குத்தானே, ஐசே.” அடுத்த மாதமும் மேசைக்குப் போனேன். சார்ஜன்ட் கொண்டுவந்த காசு ரொட்டிக் கடைக்காரரிடமிருந்து நிலைய அதிபரிடம் என் தட்டுக்கு மேலாகப் போனது. அதற்கடுத்த மாதமும் அப்படியே போனது. பிறகு நான் போகாமல் நின்றுகொண்டேன். தையில் அண்ணை எசன் நகரத்துக்கு மாறிப் போனார். பிறகு எஞ்சினியரானார். கலியாணக் கார்ட் அனுப்பினார். நான் போகவில்லை.

ஆலை விட்டபின் மாலை வகுப்பில் சேர்ந்து ஜேர்மன் படித்தேன். எனக்கு வேண்டியிருந்தது நான்கு வசனம்தான். அதற்கு மூன்று வருடம் எடுத்தது. பல்வைத்தியரிடம் நேரம் குறித்து, டேர்மின் எடுத்துப் போனேன். பல்லைப் பார்த்து முடிந்ததும் சொன்னேன். காசை அண்ணை தந்தார். வீட்டு வாசலுக்கு என்றார். விற்கப் போவது எனக்குத் தெரியாது. நான் மன்னிப்புக் கேட்கவில்லை.

நான் சொன்னதை அவர் கையைக் கழுவிக்கொண்டே கேட்டார். பிறகு சிரித்தார். “அதை நான் அன்றைக்கே மன்னித்துவிட்டேனே” என்றார். மேசை லாச்சியை இழுத்துத் திறந்து அந்த டொலரை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

இப்போது எனக்கு நல்ல ஜேர்மன் வரும், கேட்க ஆள் இல்லை. அந்த மேசைக்காரர் ஒருவரும் உயிரோடு இல்லை. காசுச் சந்தை எங்கு நடந்தாலும் போகிறேன். கண்ணாடி டொலர் என்று வைத்திருப்பதைச் சரித்துப் பார்க்கிறேன். கீறல் வலமிருந்து இடம் இறங்கினால், ஆண்டும் சரியென்றால், கேட்ட விலை கொடுத்து வாங்கிவிடுகிறேன். யாருக்கும் விற்பதில்லை, காட்டுவதுமில்லை. பிடித்துக் கொடுத்தவை ஒன்பது. திரும்பி வந்தவை நான்கு.