அம்மப்பாவின் மாடியறை

இலண்டனுக்கு வந்து வருடக்கணக்காகியும் தவமலர் ஊர் சுற்றிப் பார்த்ததில்லை. வெம்பிளியில் கடை வேலை, விட்டால் வீடு. 1989 கோடையில் கணவர் பாலேந்திராவுக்கு லீவு கிடைத்தது. டவர் பிரிட்ஜுக்குப் போகுமுன், தாயின் தகப்பனான அம்மப்பா அந்தக் காலத்தில் இங்கு சட்டம் படித்தபோது தங்கியிருந்த மாடியறையைப் பார்த்தே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

"தெரியாத வீட்டுக் கதவைத் தட்டுறதோ? பொலிசைக் கூப்பிடப் போகினம்."

"நீங்கள் பின்னாலை நில்லுங்கோ. நான் கேக்கிறன்."

கதவைத் திறந்த வெள்ளைக்கார அம்மையார் கதையைக் கேட்டுவிட்டு உள்ளே வரச் சொன்னார். இருவரும் பழக்கதோஷத்தில் சப்பாத்துகளை வாசற்படியில் கழற்றிவிட்டு மாடியேறினார்கள். சரிந்த கூரையோடு அறை சின்னதாக இருந்தது. அம்மப்பா பார்த்திருக்கக்கூடிய புகைபோக்கிகளைத் தவமலர் சன்னலோரம் நின்று ஆசைதீரப் பார்த்தாள்.

இறங்கி வந்தால் சப்பாத்துகளைக் காணோம். தர்மத்துக்குப் பழைய உடுப்பும் சப்பாத்தும் சேர்க்கிற நாளாம். படியில் கிடந்ததை, சேர்க்க வந்த வான் வண்டிக்காரர் அள்ளிப் போய்விட்டார். அம்மையார் சிரிப்பை அடக்கமாட்டாமல் தன் கம்பளிச் செருப்புகளில் இரண்டு சோடி கொடுத்தார்.

"இஞ்சரும், இந்த ரோஸ் கலர் செருப்போடயோ டவர் பிரிட்ஜுக்குப் போறது?"

"அறையைப் பாத்தாச்சு. இனி நான் வெறுங்காலோடையும் வருவன். நடவுங்கோ!"