முப்பதைத் தாண்டாத கார்

மூணு வருஷத்துக்கு முந்தின மழைக்காலம். தக்கலைப் பக்கம் எங்க வீடு. கல்ஃப்ல டிரைவரா இருந்துட்டு வந்த என் வீட்டுக்காரர், ஒரு பழைய காரை வாங்கி வாடகைக்கு ஓட்டிக்கிட்டிருந்தார். அதுலதான் எங்க பாடு கழிஞ்சுது.

திடீர்னு ஒருநாள், வேகம் காட்டுற முள் சரியில்ல, டிஜிட்டல்ல நானே ஒண்ணு செய்யப்போறேன்னு உட்கார்ந்துட்டார். ஃபோன்ல வீடியோ பார்த்து, ஜிபிஎஸ், சின்ன போர்டு, சிவப்பு எண் எரியுற டிஸ்ப்ளே எல்லாம் வரவழைச்சார். வயரைப் பற்றவைக்க மட்டும் என்னைக் கூப்பிடுவார். கை நடுங்குதாம். அடுப்புல மீன் கிடக்கு, இவருக்கு ஈயம் உருக்கணுமாக்கும்னு முணுமுணுத்துக்கிட்டே செய்வேன். எண் சின்னதா இருக்குன்னு அதைக் கழற்றிப் போட்டுட்டு, உள்ளங்கை அகலத்துல வேறொண்ணு வாங்கினார். பஸ்ஸுக்கு வைக்கிற போர்டு மாதிரி இருக்குன்னு கேலி பண்ணினேன். முப்பதைத் தாண்டினா சத்தம் போடுற மாதிரியும் வச்சார். அதுக்கப்புறம் வண்டி ஊர்ந்துதான் போச்சு, ஆட்டோ எல்லாம் எங்களை முந்திச்சு.

அப்படித்தான் ஒரு காலையில, குலசேகரத்துல சொந்தக்காரங்க புதுவீட்டு ஜெபத்துக்குப் போனோம். மழை விட்டு நல்ல வெளிச்சம். ரப்பர் தோட்டத்துக்குள்ள இருந்து பால் வாளியோட ஒரு அம்மா ரோட்டுக்கு இறங்கினாங்க. இவர் பிரேக்கைத் தொடவே இல்ல. நான் அலறின பிறகுதான் மிதிச்சார். வாளியில தட்டித்தான் வண்டி நின்னுச்சு. ரப்பர் பால் ரோடெல்லாம் பரந்துது. அந்த அம்மா விறைச்சுப்போய் எங்க முன்னாடியே நின்னாங்க.

இவர் மெதுவா என்கிட்ட கேட்டார், "ஏட்டி, முன்னால நிக்கது ஆணா, பெண்ணா?"

நான் இறங்கி அந்த அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டேன். நல்லவேளை, அடி படல. திரும்பி வந்தா இவர் ஸ்டீயரிங்ல தலையைக் கவிழ்த்திருக்கார். சர்க்கரை கண்ணைப் பிடிச்சு ஒரு வருஷமாச்சாம். முள் தெரியல, அதான் அவ்வளவு பெரிய எண்.

"முப்பதுக்குள்ள ஓட்டுனா யாருக்கும் ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன், கேட்டியா" என்றார்.

வண்டியை அங்கேயே விட்டுட்டு பஸ்ல வந்தோம். ஆஸ்பத்திரியில, ரொம்பப் பிந்திட்டீங்கன்னு சொல்லிட்டாங்க. காரையும் வித்தாச்சு. அந்த ஒரு வருஷத்துல யார் யாரை ஏத்திக்கிட்டுப் போனாரோன்னு நினைச்சா இப்பவும் கோபம் வரும். ஆனா கண்ணு போகுதுன்னு சொன்னா பொண்டாட்டி சாவியை வாங்கி வச்சிருவாளோன்னு, பக்கத்துல படுத்துக்கிட்டே அந்த மனுஷன் தனியாப் பயந்திருக்காரே, அதை மட்டும் என்னால இன்னும் தாங்கிக்க முடியல.